உங்கள் கடைத் தங்கம் எந்த மண்ணில் வெட்டியது? – நகை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு நகைக்கடை உரிமையாளர்களுக்கும், தங்கக் கட்டி வியாபாரிகளுக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்கத்தான் இந்த மடல். நீங்கள் வாங்கும் தங்கக் கட்டி எந்த நாட்டுச் சுரங்கத்தில் வெட்டியது என்று உங்களுக்குக் கட்டி விற்பவரிடம் எழுத்தில் கேட்பீர்களா? அதில் சூடான் தங்கம் கலந்திருக்கிறதா என்று பெயர் சொல்லியே கேட்பீர்களா?

தாலிக்கும், வளையலுக்கும், நகைச் சீட்டுக்கும் உங்கள் கடை வாசலில் வந்து நிற்கும் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். சூடான் போரை ஆரம்பத்திலிருந்து பின்தொடர்ந்து வருகிறேன். எந்தக் கடையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. கட்டி உங்கள் கைக்கு வருவதற்குள் அது பல முறை உருக்கப்பட்டு, பல கைகள் மாறி, ஊர் பேர் எல்லாம் அழிந்துதான் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊர் பேர் அழிவதில்தான் ஒரு போரின் உயிர்நாடி இருக்கிறது. அதனால்தான் ஐ.நா.வுக்கோ வல்லரசுகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் 15 அன்று காலை கார்தூம் நகரத்தில் சண்டை மூண்டது. ஒரு பக்கம் ஜெனரல் அப்தெல் ஃபத்தாஹ் அல் புர்ஹான் தலைமையிலான ராணுவம். எதிர்ப்பக்கம் ஹெமெத்தி என்று எல்லோரும் அழைக்கும் முகமது ஹம்தான் தகலோவின் ஆர்எஸ்எஃப் துணை ராணுவம். அதற்கு முந்தைய நாள்வரை ஒரே ஆட்சிக் குழுவில் தலைவராகவும் துணைத் தலைவராகவும் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள். சுமார் 5 கோடிப் பேர் வாழும் அந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சரியான சாப்பாடு இல்லை என்கிற நிலை வந்தது.

நம் ஊர்ச் செய்திகளில் சூடான் பெரிதாக அடிபட்டது ஒரே ஒரு சமயத்தில்தான். போர் தொடங்கிய சில நாட்களில் இந்திய அரசு ‘ஆபரேஷன் காவேரி’ நடத்தி 3,800க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. போர்ட் சூடானிலிருந்து கடற்படைக் கப்பல்களில் ஜெட்டாவுக்கும், அங்கிருந்து விமானத்தில் ஊருக்கும் கூட்டி வந்தார்கள். கார்தூமுக்கு வடக்கே வாடி செய்யித்னாவில் விளக்குகூட இல்லாத ஓடுதளத்தில் இரவு நேரத்தில் விமானப்படை விமானத்தை இறக்கி ஆட்களை ஏற்றினார்கள். பெருமைப்பட வேண்டிய காரியம், சந்தேகமே இல்லை. நம்மவர்கள் பத்திரமாக வந்து சேர்ந்ததும் சூடான் நம் செய்தியிலிருந்து போய்விட்டது. சூடானின் தங்கம் துபாய்க்குப் போவது மட்டும் நிற்கவில்லை.

‘இரண்டு தளபதிகளின் நாற்காலிச் சண்டை’ என்று இந்தப் போரைச் சுருக்கிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. இரண்டு தளபதிகள் சண்டை போட்டால் சில வாரத்தில் யாராவது ஒருவர் தோற்றிருக்க வேண்டும், அல்லது இருவருக்கும் காசும் குண்டும் தீர்ந்திருக்க வேண்டும். ஏன் தீரவில்லை என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1989 ஜூன் 30 அன்று ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த ஒமர் அல் பஷீர், தன்னையும் அதேபோல ஒரு நாள் யாராவது தூக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே 30 ஆண்டுகள் ஆண்டார். ராணுவத்தை நம்ப முடியாது என்று உளவுத்துறைக்குத் தனியாக ஆயுதம் கொடுத்தார். இரண்டையும் நம்ப முடியாது என்று பழங்குடிப் படைகளை வளர்த்தார். 2003இல் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்க அனுப்பியது இந்தப் படைகளைத்தான். ஜன்ஜவீத் என்ற பெயரில் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். அந்தக் குற்றங்களுக்காகத்தான் 2009இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பஷீருக்குப் பிடியாணை பிறப்பித்தது. ஒட்டக வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த ஹெமெத்தி அந்தக் கூட்டத்திலிருந்து மேலே வந்தவர். 2013இல் ஜன்ஜவீத் ஆட்களைத் திரட்டி ஆர்எஸ்எஃப் என்று பெயர் சூட்டினார்கள். 2017இல் அதற்குச் சட்ட அந்தஸ்தே கொடுத்துவிட்டார்கள். ஒரே நாட்டில் இரண்டு ராணுவம். ஒன்றை ஒன்று கண்காணிக்கட்டும், நான் நிம்மதியாக இருக்கலாம் என்பது பஷீரின் கணக்கு.

2018 டிசம்பரில் அத்பரா நகரத்தில் ரொட்டி விலை உயர்வை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. 2019 ஏப்ரல் 11 அன்று பஷீர் வீழ்ந்தார். அவரைக் கைவிட்டது அவர் வளர்த்த அதே இரண்டு ராணுவங்கள்தான். ஆனால் ஜூன் 3 அன்று ராணுவத் தலைமையகத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்த இளைஞர்கள்மேல் அவை பாய்ந்தன. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். நைல் நதியில் உடல்கள் மிதந்தன. அப்படியும் மக்கள் பின்வாங்கவில்லை. ஆகஸ்டில் ராணுவமும் பொதுமக்கள் தரப்பும் சேர்ந்து ஆளும் ஒப்பந்தம் வந்தது. அப்தல்லா ஹம்தோக் பிரதமரானார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் இதற்கு அடுத்து வருவதுதான். அந்த இரண்டு ஆண்டுகள் சூடானுக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு. பொதுமக்கள் தரப்பு ஒன்றாக நின்றிருந்தால் இரண்டு ராணுவங்களையும் ஓரளவு கட்டிப்போட்டிருக்கலாம். ஆனால் ஒரே குடையின்கீழ் நின்ற கட்சிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 2020 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி வெளியேறியது. அதற்கு முந்தைய மாதம் அரசோடு ஜூபா அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதவிக்கு வந்த டார்ஃபூர் கிளர்ச்சித் தலைவர்கள் மின்னி மின்னாவி, ஜிப்ரீல் இப்ராஹிம் ஆகியோரின் ஆதரவாளர்கள், 2021 அக்டோபரில் ஜனாதிபதி மாளிகை முன்னால் உட்கார்ந்து பொதுமக்கள் அரசைக் கலைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். அதே மாதம் 25ஆம் தேதி புர்ஹானும் ஹெமெத்தியும் கைகோத்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள்.

தெருவில் நின்ற எதிர்ப்புக் குழு இளைஞர்கள், ராணுவத்தோடு பேச்சு இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரமும் இல்லை என்றார்கள். பழைய கட்சிகளோ பேசித்தான் தீர வேண்டும் என்று 2022 டிசம்பர் 5 அன்று ராணுவத் தரப்போடு ஒரு கட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரு தரப்பும் ஒன்றையொன்று துரோகி என்றே பார்த்தன. இந்த நிலையில்தான் ஆர்எஸ்எஃப் படையை ராணுவத்தோடு எத்தனை ஆண்டில் இணைப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டு ஆண்டு போதும் என்றது ராணுவம். பத்து ஆண்டு வேண்டும் என்றார் ஹெமெத்தி. அந்த எட்டு வருட இடைவெளியில் உட்கார்ந்து சமரசம் பேசும் அளவுக்குப் பலமான மூன்றாவது ஆள் நாட்டுக்குள் இல்லை. போர் வந்தது.

போர் தொடங்கிய பிறகும் பிளவு நிற்கவில்லை. ராணுவத்தின் பக்கம் பஷீர் காலத்து இஸ்லாமியவாதிகள் மறுபடி தலைதூக்கி, பரா இப்னு மாலிக் என்ற பெயரில் படை திரட்டினார்கள். முன்பு ராணுவத்தை எதிர்த்த அதே மின்னாவியும் ஜிப்ரீலும் 2023 நவம்பரில் ராணுவத்தின் பக்கம் சேர்ந்தார்கள். ஹம்தோக் தலைமையில் போருக்கு எதிராகக் கூடிய அமைப்பும் 2025 பிப்ரவரியில் இரண்டாக உடைந்தது. ஒரு பிரிவு ஆர்எஸ்எஃப் அமைக்கும் போட்டி அரசில் சேரப் போனது. அந்தப் போட்டி அரசு இப்போது டார்ஃபூரின் நியாலாவை மையமாக வைத்து இயங்குகிறது. 2011இல் தெற்கு சூடான் பிரிந்துபோன காயமே ஆறாத நாடு அது.

சரி, இதில் வெளிநாடுகள் எங்கே வருகின்றன?

முதல் பணம் ஏமன் போரில் வந்தது. 2015 முதல் சவூதி – அமீரகக் கூட்டணிக்காகச் சூடான் வீரர்கள் ஏமனுக்குப் போனார்கள். ஹெமெத்தியின் ஆட்கள் அதில் பெரும்பங்கு. ஒரு துணை ராணுவத் தலைவருக்குத் தன் நாட்டு நிதியமைச்சகத்தைத் தாண்டி நேரடியாக வெளிநாட்டு வருமானமும் வெளிநாட்டு நட்பும் கிடைத்தன. இரண்டாவது, தங்கம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போர் மூண்ட முதல் நாளே வெளிநாடு தெரிந்துவிட்டது. மெரோவே விமானத் தளத்தில் இருந்த எகிப்து வீரர்களை ஆர்எஸ்எஃப் பிடித்து, வீடியோவும் வெளியிட்டது. எகிப்து நெடுங்காலமாக ராணுவத்தின் பக்கம் நிற்கும் நாடு. ஈரானும் துருக்கியும் தயாரித்த ட்ரோன்கள் ராணுவத்தின் கைக்கு வந்தன. ஆர்எஸ்எஃப்புக்குச் சாட் நாட்டின் அம்ஜராஸ் விமான நிலையம் வழியாக அமீரகம் ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் சொன்னது. அமீரகம் இதைத் தொடர்ந்து மறுக்கிறது. அங்கே நடத்தியது மருத்துவமனை, அனுப்பியது நிவாரணம் என்பது அதன் பதில். 2025 மே மாதம் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல், டார்ஃபூரிலும் கார்தூமிலும் கிடைத்த சீனத் தயாரிப்புக் குண்டுகளையும் பீரங்கியையும் ஆராய்ந்து, அவை அமீரகம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. ரஷ்யாவோ முதலில் வாக்னர் கூலிப்படை மூலம் ஆர்எஸ்எஃப்போடும் தங்கத்தோடும் நெருக்கம். அப்புறம் செங்கடலில் கடற்படைத் தளம் வேண்டும் என்று ராணுவத்தின் பக்கம் சாய்ந்தது. கொலம்பியாவிலிருந்து முன்னாள் சிப்பாய்களைக் கூலிக்குக் கூட்டிவந்து டார்ஃபூரில் இறக்கினார்கள்.

இத்தனை கைகள் உள்ளே இருக்கும்போது ஐ.நா. என்ன செய்யும்? ஆயுதத் தடை 2004இலிருந்தே இருக்கிறது, ஆனால் டார்ஃபூருக்கு மட்டும். சூடான் முழுமைக்கும் கிடையாது. அந்த டார்ஃபூர் தடையையும் யாரும் மதிக்கவில்லை. 2024 நவம்பர் 18 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் போர்நிறுத்தம் கேட்டு பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 14 நாடுகள் கை தூக்கின. ரஷ்யா தனியாக வீட்டோ போட்டது. 2023 மே மாதம் ஜெட்டாவில் பொதுமக்களைப் பாதுகாப்போம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட காகிதம் அப்படியே கிடக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, சவூதி, எகிப்து, அமீரகம் நான்கும் சேர்ந்து ராணுவத் தீர்வு இல்லை என்று அறிக்கை விட்டன. அவற்றில் எகிப்து ஒரு தரப்பின் ஆதரவாளர். அமீரகம் மறுதரப்புக்கு ஆயுதம் அனுப்புவதாகக் குற்றம் சாட்டப்படும் நாடு.

நான் புரிந்துகொண்டது இதுதான். மக்களிடம் வரி வாங்கிப் படை நடத்துபவன் என்றைக்காவது மக்களிடம் வந்து நிற்க வேண்டும். விவசாயி விதைக்காவிட்டால், கடைக்காரர் கடையைத் திறக்காவிட்டால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. புர்ஹானுக்கும் ஹெமெத்திக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஊர் எரிந்தாலும், வயல் காய்ந்தாலும், சந்தை மூடினாலும் சம்பளம் போட வேறு வழி இருக்கிறது. உள்ளூர்ப் பிளவு வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களின் காசு, பிளந்தவர்கள் மறுபடி பேசி ஒட்ட வேண்டிய அவசியத்தையே இல்லாமல் செய்துவிட்டது. வெளியாட்கள் கொடுக்கும் ஆயுதமும் பணமும் ஒரு உள்நாட்டுப் போரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று ஈழத்தைப் பார்த்த நம் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வேறு வழிதான் தங்கம்.

தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய் வருமானத்தில் முக்கால் பங்கு அதோடு போய்விட்டது. அதற்குப் பிறகு சூடான் அரசு பிடித்துக்கொண்ட கொம்பு தங்கம். 2012இல் வடக்கு டார்ஃபூரின் ஜெபல் ஆமிர் குன்றில் தங்கம் கிடைத்தது. 2013 ஜனவரியில் அந்தக் குன்றுக்காகவே பனி ஹுசைன், ரிசைகாத் என்ற இரண்டு அரபு இனக்குழுக்கள் மோதி நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2017இல் அந்தக் குன்று ஹெமெத்தியின் கைக்கு வந்தது. அல் ஜுனைத் என்ற அவர் குடும்பத்து நிறுவனம் தங்க வியாபாரத்தில் இறங்கியது. போர் தொடங்கியதும் ஆர்எஸ்எஃப் கைப்பற்றிய இடங்களில் கார்தூம் தங்கச் சுத்திகரிப்பு ஆலையும் ஒன்று.

சூடான் தங்கத்தில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளின் சுரங்கத்திலிருந்து வருவதல்ல. கையால் வெட்டுவது. கிணறு போலக் குழி தோண்டி, கயிற்றில் இறங்கி, கல்லை வெட்டி மேலே அனுப்புகிறார்கள். அதை அரவையில் போட்டுப் பொடியாக்கி, தண்ணீரும் பாதரசமும் சேர்த்துக் கலக்குகிறார்கள். பாதரசம் தங்கத் துகளைப் பிடித்துக்கொள்ளும். அதைத் துணியில் வைத்துப் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை கிடைக்கும். அதை நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போகும், தங்கம் மிஞ்சும். அந்தப் புகையை மூச்சில் வாங்குபவர்கள் அங்கே நிற்கும் இளைஞர்கள்தான், சிறுவர்களும்கூட. உங்கள் பட்டறைகளில் நெருப்பின் முன்னால் வேலை பார்க்கும் ஆசாரிகளுக்கு அந்தப் புகை என்ன செய்யும் என்று தெரியும். குழி தோண்டியவனுக்குக் கிடைப்பது சொற்பம். குழிக்கு வரி, அரவைக்கு வரி, சாலையில் சோதனைச் சாவடிக்கு வரி. எந்த இடம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அந்தக் காசு போகும்.

இதில் ஆர்எஸ்எஃப்பை மட்டும் சொல்வது நியாயமாகாது. வடக்கிலும் செங்கடல் ஓரத்திலும் உள்ள சுரங்கங்கள் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அங்கிருந்து முறைப்படி ஏற்றுமதியான தங்கத்திலும் பெரும்பகுதி போன இடம் அமீரகம். ராணுவத் தரப்பு அரசு 2025 மார்ச்சில், இனப்படுகொலைக்குத் துணைபோனதாக அமீரகத்தின்மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மே 5 அன்று நீதிமன்றம் தனக்கு அதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தது. அந்த வழக்குக்கு முந்தைய ஆண்டு முழுக்க அதே அரசின் தங்கம் துபாய்ச் சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கொல்வதற்கான காசை ஒரே சந்தையில் மாற்றிக்கொண்டிருந்தன.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். அமீரகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான தங்கச் சுரங்கம் கிடையாது. அங்கிருந்து நமக்கு வரும் தங்கம் அத்தனையும் வேறெங்கோ வெட்டியது. ஆப்பிரிக்க நாடுகள் ஏற்றுமதிக் கணக்கில் காட்டாமல் 2012 முதல் 2022 வரை அமீரகம் போய்ச் சேர்ந்த தங்கம் 2,500 டன்னுக்கு மேல் என்று ஸ்விஸ்எய்ட் அமைப்பு 2024இல் கணக்குப் போட்டது. கணக்கில் காட்டாத தங்கத்துக்கு ஊர் பேர் இருக்காது. இந்தியா – அமீரகம் வணிக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் தங்கத்துக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. முதலில் ஆண்டுக்கு 120 டன், ஐந்தாண்டில் 200 டன்வரை, மற்ற நாட்டுத் தங்கத்தைவிட ஒரு சதவீதப் புள்ளி குறைந்த வரியில் கொண்டுவரலாம். சட்டப்படியான சலுகை அது. நீங்கள் அதைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. அந்தக் கட்டிகளில் சூடான் தங்கம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என் கவலை.

உங்கள் கடையில் வாங்கிய ஒரு மோதிரத்தை எடுத்துக்கொள்வோம். உள்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பிஐஎஸ் முத்திரை, 22கே916, அப்புறம் எண்ணும் எழுத்துமாக ஆறு இலக்க ஹெச்யுஐடி என்ற அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்தக் கடையின் பதிவு, எந்த மையத்தில் சோதித்தது, என்ன தரம் எல்லாம் வந்துவிடும். நம்மூர்ப் பாட்டிகள் டச் பார்த்து வாங்கிய காலத்திலிருந்து இது எவ்வளவு பெரிய முன்னேற்றம்! ஆரம்பத்தில் ஹெச்யுஐடி வேண்டாம் என்று வியாபாரிகள் நாடு முழுக்கக் கடையடைப்பே நடத்தினார்கள். நடைமுறைக்கு ஒத்துவராது, சிறு கடைக்காரர் அழிந்துபோவார் என்றார்கள். இன்று அதே முத்திரையை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறீர்கள். தங்கம் எவ்வளவு சுத்தம் என்று சொல்லும் அந்த எண்ணுக்கு, அது எங்கே வெட்டியது என்று மட்டும் தெரியாது.

அல் ஃபாஷிர் நகரத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். வடக்கு டார்ஃபூரின் தலைநகர் அது. 2024 மே முதல் ஆர்எஸ்எஃப் அதை முற்றுகையிட்டது. முற்றுகையை நிறுத்தச் சொல்லி ஜூனில் பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட்டது. யாரும் நிறுத்தவில்லை. ஆகஸ்டில் பக்கத்திலிருந்த ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். 2025இல் நகரத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, யாரும் வெளியே போகவோ தானியம் உள்ளே வரவோ முடியாமல் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தின்றது கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டிய பிறகு மாட்டுக்கு வைப்போமே, அதே புண்ணாக்கு. அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அதுவும் தீர்ந்துகொண்டு வந்தது. 2025 அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் உடனிருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

இதே படை 2023இல் மேற்கு டார்ஃபூரின் அல் ஜெனீனாவில் மசாலித் இன மக்களை வேட்டையாடியது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர்வரை செத்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு மதிப்பிட்டது. ராணுவத்தின் விமானங்களும் சந்தை நாளில் சந்தைகளின்மேல் குண்டு போட்டிருக்கின்றன. இரண்டு பக்கத்திலும் கை கறை.

இதற்கு நடுவில் சூடானியர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்வதையும் சொல்ல வேண்டும். புரட்சியின்போது தெருவில் நின்ற அதே எதிர்ப்புக் குழு இளைஞர்கள் ‘அவசர உதவி அறைகள்’ என்று தெருவுக்குத் தெரு அமைத்தார்கள். பொது அடுப்பு மூட்டிக் கஞ்சியும் பருப்பும் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இரண்டு பக்கத்துப் படைகளும் அவர்களை எதிரியின் ஒற்றன் என்று பிடித்துப்போகின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிதி நின்றபோது நூற்றுக்கணக்கான அடுப்புகள் அணைந்தன. நாட்டைச் சேர்த்துப் பிடிக்கும் ஆட்கள் அங்கே இல்லாமல் இல்லை. அவர்களிடம் தங்கம் இல்லை, வெளிநாட்டு நண்பர்கள் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களை நானும் யோசித்துப் பார்த்தேன். உருக்கிய தங்கத்தில் ஊர் எப்படித் தெரியும் என்பீர்கள். கட்டியைப் பார்த்துத் தெரியாது, காகிதத்தைப் பார்த்துத் தெரியும். உருக்கும் ஆலை யாரிடம் வாங்கியது, ‘பழைய தங்கம்’ என்று எழுதியிருப்பது உண்மையிலேயே பழைய நகையா என்று விசாரிக்கச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. பெரிய வங்கிகளும் நல்ல சுத்திகரிப்பு ஆலைகளும் அதைப் பின்பற்றுவதாகச் சொல்கின்றன. வாங்குபவர் கேட்டால்தான் அந்தக் காகிதம் வெளியே வரும்.

நாம் ஒருத்தர் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் கேட்கலாம். ஒருத்தர் கேட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆண்டுக்கு 700, 800 டன் வாங்கும் நாடு இந்தியா. அதில் கணிசமான பங்கு தென்னிந்தியாவில் விற்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளும் சென்னை, மதுரை, திருச்சிக் கடைகளும் சேர்ந்து கேட்டால் துபாயில் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். சூரத்து வைர வியாபாரிகளைப் பாருங்கள். அங்கோலாவிலும் சியரா லியோனிலும் வைரக் காசில் போர் நடந்தபோது உலகம் கிம்பர்லி நடைமுறையைக் கொண்டுவந்தது. 2003 முதல் சான்றிதழ் இல்லாமல் பட்டை தீட்டாத வைரம் எல்லை தாண்டக் கூடாது. சூரத்து வியாபாரம் அதனால் படுத்துவிடவில்லை. அந்த நடைமுறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளர்ச்சிப் படை விற்கும் வைரத்தை மட்டும்தான் அது தடுக்கிறது. அரசுப் படைகள் ரத்தம் சிந்தி எடுத்தால் அது கணக்கில் வராது. சூடானில் அப்படிச் செய்தால் பாதிப் போருக்குப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

சூடான் தங்கத்தையே ஒதுக்கிவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அந்தக் குழிகளை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. போர் முடிந்த ஒரு சூடானுக்கு அந்தத் தங்கம்தான் சோறு போடும். இப்போது வேண்டியது வெளிச்சம். யார் வெட்டியது, யார் வரி வாங்கியது, யார் விற்றது என்று தெரிந்தால்தான் நாளைக்கு அந்தக் காசை அந்த மக்கள் உரிமையோடு கேட்க முடியும். அமீரகத்தில் நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் உழைக்கிறார்கள், அந்த நாட்டோடு பகை வேண்டாம் என்பதும் எனக்குப் புரிகிறது. உங்கள் கட்டி எங்கே வெட்டியது என்று விற்பவரிடம் கேட்பது பகை ஆகாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் சங்கங்களின் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். கட்டி கொடுக்கும் வங்கிகளுக்கும் புல்லியன் நிறுவனங்களுக்கும் சங்கத்தின் தலைப்புத் தாளில் ஒரே கடிதமாக எழுதி, எந்த ஆலை, எந்த நாட்டுச் சுரங்கம் என்ற விவரத்தை ஒவ்வொரு சரக்குக்கும் கேளுங்கள். அமீரக ஒதுக்கீட்டில் வரும் தங்கத்துக்கு இந்த விவரத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி வணிக அமைச்சகத்துக்கும், ஹெச்யுஐடியோடு இதைச் சேர்க்க முடியுமா என்று பிஐஎஸ்ஸுக்கும் எழுதுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய நகையை உருக்கிச் செய்யும் நகைகளைத் தனியாகக் குறித்து விற்க முடிந்தால் விற்றுப் பாருங்கள். செய்கூலி கொஞ்சம் கூடினாலும் நான் அதைத்தான் வாங்குவேன். என்னைப் போலப் பலர் இருக்கிறார்கள்.

அட்சய திருதியைக்கு விளம்பரம் தயாராவதற்கு முன்னால் உங்கள் சங்கங்களிலிருந்து ஒரு பதில் வந்தால் நன்றாயிருக்கும். முடியாது என்பதுதான் பதில் என்றாலும், எதனால் முடியாது, யார் தர மறுத்தார்கள் என்று பொதுவில் சொல்லுங்கள். அடுத்த மடலை அவர்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்